ராஜையன் மாற்றி வாசித்த கதை

வாரத்தில் மூன்று நாள் ராஜையனும் அவர் மனைவி ஜாஸ்பினும் அருமனையிலிருந்து பஸ் ஏறிக் குழித்துறைக்கு வருவார்கள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடியில் டயாலிசிஸ் பிரிவு இருந்தது. ராஜையன் எடை பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். ஜாஸ்பின் வெளியே வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்காருவாள். உள்ளே மிஷின் அவர் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடும். அது முடிய நாலு மணி நேரம் ஆகும்.

கத்தாரில் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தவர் ராஜையன். போர்மேன் ஆகும்வரை உயர்ந்தவர். சர்க்கரையும் பிரஷரும் அங்கேயே கூட வந்து ஒட்டிக்கொண்டன. வெயிலில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு சீக்கா என்று விட்டுவிட்டார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஊருக்கு வந்து காட்டியபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். மகன் ஷாஜன் துபாயில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இவர்கள் வீட்டுக்கு வந்ததும் போன் செய்வான். "எப்பிடி இருக்கு அப்பா?" என்பான். "அப்பிடியே கிடக்கு" என்பார் ராஜையன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

வலி என்றால் வாய்விட்டுக் கத்தலாம். இது வலி அல்ல, அலுப்பு. டயாலிசிஸ் முடிந்த அன்று பிழிந்து போட்ட துணிபோலக் கிடப்பார். மறுநாள் கொஞ்சம் ஆள் ஆவார். சரி, எழுந்து நடக்கலாம் என்று நினைக்கும்போது அடுத்த முறை வந்துவிடும். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிய சொந்தப் புரையிடத்தில் மட்டி வாழைக்குலை பழுத்து வாசம் அடிக்கும். ஒரு பழம் தின்னக் கூடாது. இளநீர் கூடாது. மனிதருக்கு வாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று தோன்றிவிடும்.

அவர் படுக்கைக்கு அடுத்த படுக்கையில் கிளாரா. தேங்காப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைக்காரி, கத்தோலிக்கப் பெண். பல வருஷம் மீன் கூடையைத் தலையில் சுமந்து மார்த்தாண்டம் சந்தைவரை விற்றவள். அவளுக்கும் சர்க்கரைதான். சிறுநீரகத்தோடு கண்ணையும் பாதி கொண்டுபோயிருந்தது. ஆள் தெரியும், நிறம் தெரியும், எழுத்து தெரியாது. மகள் லிஜா ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். அம்மாவைக் கொண்டுவந்து விட்டு, போனில் ஏதாவது தொடரை ஏற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் கிளாரா தலையைத் திருப்பிக் கேட்டாள்.

"அண்ணே, ஒங்களுக்குக் கண்ணு தெளிவா?"

"தெளிவுதான். எதுக்கு?"

"இதுல அடியில ஓடுத தமிழ் எழுத்தக் கொஞ்சம் வாயிச்சுத் தருவியளா? ஏதோ பனி பெய்யுத நாட்டுக் கதை. பாஷை ஒண்ணும் பிடி கிடைக்கல. எழுத்துன்னு பாத்தா எறும்பு ஊருது."

"எனக்கு இந்த அழுகைக் கரச்சில் கதை ஒண்ணும் பிடிக்காது."

"ஒங்களப் பிடிக்கவா சொன்னேன்? வாயிக்கத்தானே சொன்னேன்."

எதிர்க் கட்டிலில் கிடந்தவர் சிரித்துவிட்டார். ராஜையனுக்கு ரோசம் வந்தது.

சினிமா அவருக்கு எப்போதுமே ஆகாது. சின்ன வயதில் அப்பா விடமாட்டார், சபைக்கு ஆகாத காரியம். கத்தாரில் கேம்ப்பில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட இருந்தவர்கள் படம் போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்கள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பகல் முழுக்க வெயிலில் காய்ந்தவனுக்கு அழுவதற்கு ஒரு படம் வேறு வேண்டுமா என்பது அவர் எண்ணம்.

ஆனாலும் வாசித்தார். டெக்னீஷியன் பெபிஷா, சாப்பாடு வைக்கிற சக்கர மேசையை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தள்ளி, போனை அதில் சாய்த்து வைத்துக் கொடுத்தாள்.

"இப்பிடி இல்ல அண்ணே," என்றாள் கிளாரா சற்று நேரத்தில். "ஒங்க கோயில்ல கல்யாண ஓலை வாயிக்குத மாதிரி வாயிக்காதீங்க. அந்தப் பெண்ணு அங்க வெப்ராளப்பட்டுப் பதறி நிக்குதா. நீங்க இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு வாயிக்கியளே."

கதை இதுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா சூப்புக் கடை வைத்திருக்கிறாள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட தம்பி அவளிடம் வந்து சேருகிறான். நீண்ட காலம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது ஒரே அறையில் இருக்க வேண்டியதாகிறது. அவன் இருமுவான், அவள் திட்டுவாள், திட்டிக்கொண்டே சூப்பை ஆற்றிக் கொடுப்பாள். பெரிதாக ஒன்றும் நடக்காது. ராஜையனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று முதலில் விளங்கவில்லை. பிறகு வீட்டில் படுத்துக் கிடக்கும்போது அந்தச் சூப்புக் கடை நினைவுக்கு வர ஆரம்பித்தது. அந்தத் தம்பி இன்று சாப்பிட்டிருப்பானா என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டு, தனக்கே வெட்கமாகி எழுந்து உட்கார்ந்தார்.

குரலும் மாறியது. அக்காவுக்கு ஒரு குரல், தம்பிக்கு ஒரு குரல் தானாக வந்தது. பெபிஷா சுவரில் இருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். மற்றப் படுக்கைக்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். யாரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் அவ்வளவு தெம்பு கிடையாது.

மழைக்காலத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரி லிப்ட் பழுதாகியிருந்தது. மாடிப்படியில் ராஜையன் நின்று நின்று ஏறினார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஜாஸ்பினைக் காணவில்லை. அவள் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று எழுந்து, "செருப்பு வழுக்கிச்சு" என்றாள். முந்திரி ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். இவருக்காக அதை விட்டாள். பிறகு சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போவதை விட்டாள். தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருப்பதையும் விட்டாள். இப்போது முட்டு வலியைச் சொல்வதையும் விட்டிருக்கிறாள்.

படுக்கையில் சாய்ந்தபோது ராஜையன் மனதில் ஒரு முடிவு வந்திருந்தது. இந்த மாதத்தோடு போதும். வருவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர் சொல்லும்போது காதில் விழுந்திருந்தது. பயம் வரவில்லை. பெரிய சுமையை இறக்கிவைக்க இடம் கண்டதுபோல இருந்தது.

அன்றைக்குப் பார்த்துத் தொடரில் அந்தத் தம்பி அக்காவிடம், "என்னை விட்டுவிடு. நான் உனக்குப் பாரம்" என்றான். ராஜையன் அதை வாசித்தார். அடுத்து அக்கா ஏதோ சொன்னாள். எழுத்து ஓடியது. அவர் அதை வாசிக்காமல் விட்டார்.

"அவ என்ன பறஞ்சா?" என்றாள் கிளாரா.

"ஒண்ணும் பறயல. சும்மா பாத்துக்கிட்டு நிக்கா."

பிறகு தொடரில் டாக்டர் வந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அக்காவிடம் சொன்னார். ராஜையன், "இனிப் பயப்பட ஒன்றுமில்லை" என்று வாசித்தார். கடைக்கு வெளியே பெஞ்சில், பனியில், தம்பி தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அக்கா ஓடிவந்து அவனை உலுக்கினாள். "நல்ல உறக்கம். உள்ள வந்து படுன்னு விளிக்கா," என்றார் ராஜையன். கிளாரா மங்கிய கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள்.

பொய்யை ஒருமுறை சொன்னால் போதாது, அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் தம்பி கதையில் வரவில்லை. அவனைப் பெரிய ஊருக்குச் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ராஜையன் வாசித்தார். அக்கா அழும் இடங்களில், தம்பி போன் செய்யவில்லை என்று விசனப்படுகிறாள் என்றார். அவன் அங்கே ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக்கூடச் சொன்னார். செத்தவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தபோது அவருக்கே மூச்சு முட்டியது. மாதம் முடிந்தும் அவர் வருவதை நிறுத்தவில்லை. கதை எங்கே மாட்டிக்கொள்ளுமோ என்ற கவலையில் அந்த முடிவு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது.

ஒருநாள் கிளாரா போனை எடுக்கவே இல்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மிஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பாதி நேரம் போனபிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து லிஜா வீட்டுல கூட இருந்து வாயிச்சா. அந்தத் தம்பி செத்து எவ்வளவோ நாளாச்சாமே அண்ணே."

ராஜையன் மிஷின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"என்னத்துக்கு மாத்தி வாயிச்சீங்க?"

"நீ விசனப்படுவியேன்னு."

"நான் கடப்பொறத்துக்காரி. சாவு சேதி கேட்டே வளந்தவ. அதுக்கு நான் பயப்படவா? நெசத்தப் பறயுங்க. எனக்காவயா மாத்துனீங்க?"

கையில் ஊசி குத்தியிருந்ததால் அவரால் திரும்பிப் படுக்க முடியவில்லை. மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல. எனக்காவத்தான். எனக்கு அலுத்து மடுத்துப் போச்சு கிளாரா. வரத நிப்பாட்டிரலாம்னு நெனச்சுக் கிடந்தேன். அன்னைக்குப் பாத்து அவன் செத்தான்."

கிளாரா அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"மடுப்பு எனக்கும்தான். நேத்து முழுக்க ஒரு கிளாஸ் மோருக்கு ஏங்கிக் கிடந்தேன். பிள்ளையத் திட்டுனேன், அழுதேன். பின்ன இன்னைக்கு வந்து இங்க கிடக்கேன்," என்றாள். "ஜாஸ்பின்கிட்டப் பறஞ்சியளா?"

"இல்ல."

"அந்தத் தம்பியாவது அக்காகிட்ட நேரா பறஞ்சான். நீங்க ஒருத்தருக்கும் தெரியாம உள்ளுக்குள்ளயே வச்சு முடிவு கட்டுதியளே, அது செரியா?" பிறகு பெபிஷாவைக் கூப்பிட்டுப் போனை மேசைமேல் வைக்கச் சொன்னாள். "அவன் பாரம்னு பறஞ்ச எடத்துல இருந்து மறுபடி வாயிங்க. உள்ளத உள்ளபடி வாயிங்க."

அவர் வாசித்தார். "என்னை விட்டுவிடு. நான் உனக்குப் பாரம்." அதற்கு அந்த அக்கா சொன்னதையும் வாசித்தார். "பாரம்தான். இல்லையென்று நான் சொன்னேனா? இறக்கி வைக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்." டாக்டர் சொன்னதை வாசித்தார். பனியில் அவள் உலுக்குவதை வாசித்தார். கிளாரா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். எதிர்க் கட்டில்காரர் துவர்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெபிஷா வந்து பிரஷர் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஏறி நிக்கு. இனி இந்தக் கதைய வச்சா மிஷின ஆஃப் பண்ணிருவேன்" என்றாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அன்று பஸ் வரத் தாமதமானது. நிறுத்தத்தின் சிமெண்டுத் திண்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள்.

"முட்டு வலி எப்பிடி கிடக்கு?" என்றார் ராஜையன்.

ஜாஸ்பின் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "இதென்ன புதுசா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். படியில் பார்த்ததையும், எடுத்த முடிவையும், கதையை மாற்றியதையும் சொன்னார். கோர்வையாக வரவில்லை.

"அந்த நாற்காலியில நாலு மணிக்கூர் இருக்கது மடுப்புதான்," என்றாள் ஜாஸ்பின். "இல்லேன்னு பறைய மாட்டேன். ஆனா கதவு திறக்கும்போதெல்லாம் ஒங்க சத்தம் கேக்கும். கல்யாணம் கழிஞ்ச நாள்தொட்டு நீங்க இத்தன வார்த்த பேசி நான் கேட்டதில்ல. யாருக்கோ வாயிக்கியளே, எனக்குக் கேக்க ஒரு எடம் போடச் சொல்லப்பிடாதான்னு நெனச்சுக்கிடுவேன்."

பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. ரப்பர் மரங்கள் தொடங்கின. ஜாஸ்பின் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு முடியாம ஆவுத அன்னைக்கு நானே பறயுதேன். அதுவரைக்கும் நீங்க நிப்பாட்டுத பேச்சப் பறயாண்டாம்."

அதோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால் இல்லை. சிறுநீரகம் திரும்ப வரவில்லை, முட்டு வலியும் போகவில்லை. பெபிஷா டாக்டரிடம் கேட்டு, கடைசி ஒரு மணி நேரம் ஜாஸ்பினை உள்ளே உட்கார அனுமதி வாங்கிக் கொடுத்தாள். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்து அவளும் கேட்டாள். மற்ற நேரம் வராந்தாதான்.

கோடை தொடங்கும்போது கிளாராவுக்கு அவள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. பஸ் அலைச்சல் மிச்சம் என்று லிஜாவுக்குச் சந்தோஷம். போகிற அன்று கிளாரா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க வாயிச்சுத் தராட்டா எனக்குக் கதை ருசிக்காது அண்ணே," என்றாள், அவ்வளவுதான். எப்போதாவது போன் செய்வாள். லிஜா எழுத்தை விழுங்கி விழுங்கி வாசிக்கிறாள் என்று குறை சொல்வாள். தொடரில் அந்த அக்கா கடையை விற்கப்போகிறாளாம், விற்கலாமா கூடாதா என்று இருவரும் போனில் வழக்குப் பேசுவார்கள்.

கிளாரா படுத்திருந்த கட்டிலுக்குக் குமாரதாஸ் என்ற லாரி டிரைவர் வந்தார். அவருக்குக் காமெடி மட்டும்தான் வேண்டும். ராஜையன் அதையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். சில இடங்களில் சிரிப்பும் வந்தது.

வீட்டில் ஜாஸ்பின் புதிதாக ஒரு தொடர் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு எழுத்து நன்றாகத் தெரியும். இருந்தாலும், "நீங்களே வாயிங்க" என்பாள். டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு மாலையில் கட்டிலில் சாய்ந்து வாசிக்கத் தொடங்கியவர், இரண்டு வரி தாண்டுமுன்பே கண் சொருகித் தூங்கிப்போனார். ஜாஸ்பின் அவரை எழுப்பவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு மீதியைத் தானே பார்த்தாள். அவர் விழித்துக் கேட்டால் சொல்வதற்காக, நடுநடுவே ஆட்களின் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.