லேமினேஷன் செய்த பிறப்புச் சான்றிதழ்

என் கணவரின் பிறப்புச் சான்றிதழை நான்தான் லேமினேஷன் செய்து வைத்தேன். எங்கள் அவிநாசி வீட்டில் ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும்.

அவருக்கு ஸ்பெயினில் வேலை கிடைத்தது. அங்கே போனதும் வெளிநாட்டவர் அடையாள எண் வாங்க வேண்டும். அதற்கு அசல் சான்றிதழில் இங்கேயே அரசு முத்திரை வாங்கிப் போக வேண்டுமாம். "பிளாஸ்டிக் மேல முத்திரை குத்த மாட்டாங்க" என்று கோவை ஏஜென்ட் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த கணவர் நேராக என்னிடம் வந்தார். என் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். கீழே விழுந்ததும் வயிற்றில் உதைத்தார். மாமியார் ஓடிவந்து என்மேல் விழுந்து தடுத்தார்.

"உட்றா! செத்துப்போயிருவாடா!"

உடைந்த பல்லைக் கையில் துப்பினேன். மாமியார் என் வாயைத் துடைத்துக்கொண்டே, "வெளிய சொல்லிப்போடாத கண்ணு" என்றார்.

நகராட்சியில் அடுத்த வாரமே புதுச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அவர் ஸ்பெயின் போய், அந்த எண்ணையும் வாங்கிவிட்டார். போன மாதம் போனில் அத்தனை அன்பாகப் பேசினார்.

"உனக்கும் விசா போடறேன் அம்மணி. உன்ற சான்றிதழ்ல முத்திரை வாங்கி வெச்சுக்க."

"சரிங்க" என்றேன். நாக்கு தானாகப் பல் இருந்த இடத்தைத் தடவியது.

போனை வைத்ததும் என் சான்றிதழை எடுத்துக்கொண்டு அதே லேமினேஷன் கடைக்குப் போனேன்.

"ஒரிஜினலுங்களா அக்கா?" என்று தயங்கினார் கடைக்காரர்.

"ஒரிஜினல்தானுங்க. நல்லா ஒட்டிக் குடுங்க."

புதிது வாங்கலாம் என்று எனக்குத் தெரியும். வாங்க மாட்டேன் என்பதுதான் அவருக்கு இன்னும் தெரியாது.