கண்ணாடிக்கு முன்னால் ஒரு தட்டு

மனீஜே ஊசி போட்டால் வலிக்காது. ஈரானின் பொரூஜெர்த் நகரத்தில் அவள் வேலை பார்க்கும் சின்ன மருத்துவமனையில் இது எல்லோருக்கும் தெரியும். நோயாளிகள் தங்கள் முறை வந்தாலும் எழுந்திருக்காமல், "மனீஜே அம்மா சாப்பிட்டு வரட்டும், நான் இருக்கேன்" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஊரார் அதைக் கைராசி என்றார்கள். நாற்பத்தாறு வயதில் தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொள்ள அந்தக் கைராசி ஒன்றுதான் இருந்தது.

வீட்டில் அந்தக் கைராசிக்கு வருஷத்துக்கு ஒரு நாள் மரியாதை உண்டு. புத்தாண்டு அன்று மாமியார் அக்தர் விரிக்கும் துணியில் ஏழு பொருள்கள் இருக்கும். ஆப்பிள், பூண்டு, காடி, புளிப்பான சுமாக் பொடி, உலர்ந்த செஞ்செத் பழம், கோதுமைக் களி எல்லாம் கடையில் வாங்கியவை. ஏழாவதான முளைத்தட்டை மட்டும்தான் வீட்டில் வளர்ப்பார்கள். கோதுமையை ஊறவைத்து, தட்டில் பரப்பி, பச்சைப் பசேலென்று ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவந்து, பயிரின் இடுப்பில் சிவப்பு நாடா கட்டுவார்கள். துணியின் மேல் நிறுத்தியிருக்கும் கண்ணாடிக்கு முன்னால் அதை வைத்தால், ஒரு தட்டு இரண்டு தட்டாகத் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் மனீஜேயின் தட்டுதான்.

இந்த வருஷம் கொழுந்தன் கியூமர்ஸ் கல்யாணம் செய்துகொண்டு பரஸ்தூவை அழைத்து வந்தான். தெஹ்ரான் பெண். சோற்றைக் குழைய விடுவாள், குழைந்ததைப் பார்த்து அவளே முதலில் சிரிப்பாள், மாமியாரும் கூடச் சிரிப்பாள். மனீஜே வந்த புதிதில் ஒரு தடவை சோறு குழைந்தபோது அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அக்தர் மூன்று நாள் பேசவே இல்லை.

புத்தாண்டுக்குப் பதினான்கு நாள் முன்பு, தேநீர் குடிக்கும்போது அக்தர் சொன்னாள்:

"இந்தத் தடவை ரெண்டு மருமகளும் ஆளுக்கொரு தட்டு போடுங்க. எது நல்லா வருதோ அதைக் கண்ணாடி முன்னால வைக்கலாம்."

"ஐயோ அத்தை, நான் எங்க? எங்கம்மா வருஷா வருஷம் சந்தையிலதான் வாங்குவாங்க," என்றாள் பரஸ்தூ.

"கத்துக்கோ. மனீஜே மட்டும் பிறக்கும்போதே கத்துக்கிட்டா வந்தா?"

மனீஜே கற்கண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினாள். நாக்கு சுட்டது.

மூன்று மாடி வீடு அது. கீழே மாமியார், நடுவில் மனீஜே, மேலே புதுத் தம்பதி. ஐந்தாம் நாள் பரஸ்தூ படியிறங்கி வந்தாள். கையில் நீலத் தட்டு, அதன் மேல் ஈரத்துணி.

"மனீஜே ஜான், கொஞ்சம் பாருங்களேன். முளை விட்டிருக்கா, இல்ல நான் கெடுத்துட்டேனா?"

வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் 'ஜான்' என்று செல்லம்! மனீஜே துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரே சீராக, நெருக்கமாக, வெள்ளை வெளேரென்று முளைகள். ஒரு இடத்தில்கூடச் சொட்டை இல்லை. அவளுடைய தட்டிலேயே நடுவில் காலணா அகலத்துக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. முதல் தடவை போடுகிறவளுக்கு இப்படி வருமா?

"பரவாயில்ல," என்றாள்.

"துணியை எப்போ எடுக்கணும்?"

தட்டில் பரப்பி இரண்டு நாள் ஆகிவிட்டது, இன்றைக்கே எடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் பச்சை ஏறும்.

"எடுக்காதே. முந்தின நாள் சாயங்காலம் எடுத்தா போதும். வெயில் பட்டா வாடிடும்."

"அப்படியா! நல்லவேளை கேட்டேன்." பரஸ்தூ அவள் கன்னத்தில் முத்தமிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

அன்று மருத்துவமனையில் ஒரு கிழவர், ஊசி போட்டதும் "ஆ" என்று கத்திவிட்டார். மனீஜே ஊசியை மாற்றிப் பார்த்தாள். ஊசியில் கோளாறு எதுவும் இல்லை.

மற்ற நாள்களில் அவள் தன் தட்டை ஜன்னலுக்கு ஜன்னல் தூக்கிக்கொண்டு அலைந்தாள். வெற்றிடத்தைச் சுற்றியிருந்த பயிரைச் சீப்பால் வாரி மூடினாள். மேல் மாடியில் சிரிப்புக் கேட்டால் கையிலிருந்த வேலை நின்றுவிடும்.

"யாரு தலையைச் சீவுற?" என்று கணவன் ஹொஷங் கேட்டான்.

"உங்கம்மா கண்ணுல படுற தலையை."

சூரியக் கணக்குப்படி ஒவ்வொரு வருஷமும் வேறு வேளையில் ஆண்டு மாறும்; இந்த வருஷம் பகல் பன்னிரண்டரைக்கு. அரை மணி முன்பே எல்லோரும் புதுத்துணி உடுத்திக் கீழே கூடினார்கள். மீன் வறுபடும் வாசனை வந்தது. கண்ணாடி, மெழுகுவர்த்தி, வண்ண முட்டை, தங்கமீன் கிண்ணம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மனீஜே தன் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். பச்சை நிமிர்ந்து நின்றது.

பரஸ்தூ தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"சிரிக்கக் கூடாது."

மஞ்சள். நூலாய் நீண்டு, பலமில்லாமல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, கட்டியிருந்த நாடாவையும் இழுத்துக்கொண்டு படுத்திருந்தது.

கியூமர்ஸ் சிரித்துவிட்டான். "நூடுல்ஸ் போட்டியா?"

அக்தர் சிரிக்கவில்லை. பயிரில் விரலை விட்டுப் பார்த்தாள். "இது மூடியே கிடந்திருக்கு. துணியை எப்போ எடுத்தே?"

"நேத்து."

"நேத்தா! யாரு அப்படிச் சொன்னது?"

பரஸ்தூ மனீஜேயைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை மனீஜேயும் பார்த்தாள். பரஸ்தூவின் முகத்தில் நிறம் வந்து போனது, அவ்வளவுதான்.

"யாரும் சொல்லல அத்தை. அக்கா அஞ்சாம் நாளே எடுக்கச் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

"மறதிக்காரி," என்று அக்தர் அவள் காதைச் செல்லமாகத் திருகினாள். மனீஜேயின் தட்டைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சியில் நிமிடம் குறைந்துகொண்டே வந்தது.

வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் மனீஜே தட்டைப் பார்க்கவில்லை, எதிரே தலை குனிந்திருந்த பரஸ்தூவைத்தான் பார்த்தாள். தட்டில் தோற்றவள் இதில் ஜெயித்துவிட்டாளே! ஆண்டு மாறும் கணத்தில் எப்படி இருக்கிறோமோ வருஷம் முழுக்க அப்படியே இருப்போம் என்பார்கள். இவளுடைய பெருந்தன்மைக்குக் கீழே முந்நூற்று அறுபத்தைந்து நாளா? அதற்கு அந்த மஞ்சள் தட்டே மேல்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் மனீஜே. "எடுக்காதேன்னு. வேணும்னேதான் சொன்னேன்."

அக்தர் மருமகளைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"அப்போ இந்தத் தட்டுக்கு இங்க இடமில்ல." கையை நீட்டித் தட்டின் ஒரு விளிம்பைப் பிடித்தாள்.

விட்டுவிடத்தான் மனீஜே நினைத்தாள். ஆனால் அவள் கை தானாகப் போய் மறு விளிம்பைப் பற்றிக்கொண்டது. "அத்தை, பதினெட்டு வருஷம்!"

"விடுடி!"

"மாட்டேன்!"

தங்கமீன் கிண்ணத்தில் தண்ணீர் தளும்பியது. தொலைக்காட்சியில் பீரங்கி முழங்கியது.

ஆண்டு மாறிவிட்டது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது பரஸ்தூ.

"போச்சு! வருஷம் பூரா இனி இதே இழுபறிதான்!"

அக்தர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கையை விட்டாள். தட்டு இருந்த இடத்திலேயே கோணலாக நின்றது. வாரி மூடியிருந்த சொட்டை திறந்து தெரிந்தது.

எல்லோரும் எழுந்து வாழ்த்திக்கொண்டார்கள். பரஸ்தூ விரிப்பைச் சுற்றிக்கொண்டு வந்து மனீஜே எதிரில் நின்றாள். உடனே முத்தமிடவில்லை.

"எனக்குக் கோபம்தான், அக்கா."

"இருக்கட்டும்."

"அடுத்த வருஷம் உண்மையைச் சொல்வீங்களா? எத்தனை நாள் மூடணும்?"

"ரெண்டு நாள்."

பரஸ்தூ அவள் முகத்தை ஒரு கணம் சோதித்தாள். பிறகுதான் கன்னத்தோடு கன்னம் வைத்தாள்.

இரண்டு நாள் என்பது உண்மைதான். தண்ணீரைக் காலையில் மட்டும்தான் தெளிக்க வேண்டும், மாலையிலும் தெளித்தால் வேர் அழுகிவிடும் என்பதை மனீஜே சொல்லவில்லை.