மச்சான் பார்த்த மைதானம்

என் மனைவியின் தம்பிக்குக் கால்பந்தில் ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. வேலை விஷயமாக மிலானுக்குப் போனவன், முதல் நாளே என் அணியின் மைதானத்தில் போய் நின்றான். அந்த அணி விளையாடுவதைப் பார்க்க இருபது வருடமாக விடியற்காலையில் அலாரம் வைத்து எழும்புகிற நான், பூமியின் மறுபக்கம், ஸ்ட்ராத்ஃபீல்டில் என் வீட்டுச் சோபாவில் இருந்தேன்.

மாலை ஆறரைக்கு அவனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே காலை நேரம்.

“அத்தான், நீங்கள் எப்பவும் சொல்லுற கிரவுண்டுக்கு வந்திட்டன். சும்மா சொல்லக்கூடாது, புல்லு நல்ல பச்சை.”

புல் பச்சையாம். எனக்கு வயிறு எரிந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கதிரையில் காலை நீட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றான். ஆட்டத்தின்போது அந்தப் பக்கம் இருக்கும் ரசிகர்கள் எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டைத் தொடங்குவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அவனுக்கு அது வெறும் கதிரை.

“வடிவாத்தான் இருக்கு,” என்றேன்.

சுற்றிக் காட்ட வந்த பெண் எல்லோரையும் வெளியே கூப்பிட்டாள். அவன் போனைப் புல் பக்கம் திருப்பினான்.

“கிரவுண்டுக்கு ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லுங்கோ அத்தான்.”

எங்கிருந்து கிளம்பினாலும் நாங்கள் ‘போறன்’ என்பதில்லை. போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் கிளம்புவோம். நானும் வாயைத் திறந்தேன். ஆனால் ஒருநாளாவது அங்கே போயிருந்தால்தானே திரும்பி வருவதாகச் சொல்லலாம்.

“நீயே சொல்லு,” என்றேன். “அங்க போனது நீதானே.”