நெட்டுக்குப் போகாதே என்று எழுதிய வரி

மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். அலைச்சலே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் மாமல்லபுரத்துப் பக்கம் எங்கள் குப்பத்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்க ஆபீஸில் விட்டிருந்தார்கள். அன்று மூன்று மணிக்குள் அவள் அனுப்பியது சரியாகவில்லையென்றால் அந்தச் சலுகை போய்விடும். திங்கட்கிழமையிலிருந்து பஸ் பிடித்து, செங்கல்பட்டில் ரயிலேறி, சென்னைக்குப் போய் உட்கார வேண்டும்.

எழுதுவதையெல்லாம் முதலில் தன் மிஷினில் சேர்த்து ஓட்டிப் பார்ப்பாள். பில்டு என்பாள். பிறகு ஆபீஸ் சர்வரும் அதையே செய்து பார்க்கும். சரியாக ஓடினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அன்று இங்கே பச்சை, அங்கே சிவப்பு. நாலு தடவை அனுப்பினாள், நாலும் சிவப்பு.

"உன் மிஷின்ல ஓடுறது எனக்கு எதுக்கும்மா?" என்றார் போனில் அதிகாரி.

கதவோரம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முந்தின வாரம் காற்றில் சிக்னல் போய்ப் போய் வந்தது. பில்டுக்கு வேண்டிய சாமான்கள் நெட்டிலிருந்து இறங்க வேண்டுமாம். மிஷினுக்கு நெட் போன் வழியாகத்தான் வரும். அதற்காக இரண்டு நாள் போனைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றேன். மூன்றாம் நாள் வேண்டாம் என்றாள். இறங்கினதெல்லாம் மிஷினிலேயே இருக்கிறது, நெட்டுக்குப் போகாதே என்று ஒரு வரி எழுதிவிட்டேன் என்றாள்.

அந்த வரி? கேட்கலாம்தான். ஆனால் போனில் ஆபீஸ்காரர்கள். நான் அஞ்சாவது படித்தவள். ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்த பிறகுதான் கேட்டேன்.

"நெட்டுக்குப் போவாதன்னு எழுதினியே, அதுவும் அங்க போய்ட்சா?"

என்னையே பார்த்தாள். சர்வரில் ஒவ்வொரு தடவையும் வெறும் இடத்திலிருந்துதான் தொடங்குமாம். கையிலும் சாமான் இல்லை, நெட்டுக்கும் போகக்கூடாது என்றால் அது என்ன செய்யும்? அந்த வரியைத் தன் மிஷினோடு நிற்கிற மாதிரி தனியாக மாற்றினாள். அனுப்பப் போனால் சிக்னல் இல்லை. மணி இரண்டே முக்கால்.

மீன் கையோடு போனை வாங்கிக்கொண்டு மாடியேறினேன். கையைத் தூக்கியே நின்றேன். தோள் விட்டுப்போனது. அப்புறம் படியடியில் அவள் குரல்.

"பச்சைம்மா. எறங்கு. முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சு" என்றேன்.