மூன்றடுக்குக் கேக்குக்கு ஒரு மரவில்

சுத்தியலுக்கும் கோடாலிக்கும் மரப்பிடி செதுக்குவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில். எல்லோருக்கும் அவர் பிடிக்காரர். அவருடைய பிடிவாதத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்பாள் அவர் அக்கா.

அக்கா வீட்டிலேயே கேக் செய்து, மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பவள். சிமென்ட் மூட்டை சுமக்கச் செய்த வண்டி அது. பெட்டிக்கு அடியில் அதிர்வைத் தாங்க இருந்த இரும்பு வில்லுக்குக் கேக்கெல்லாம் ஒரு சுமையா? அசைந்தே கொடுக்காது. கல் பதித்த கடைத்தெருவில் வண்டி குதிக்கும், உள்ளே கேக் சரியும். அடுத்தடுத்து இரண்டு கேக் அப்படிப் போனதும் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"சனிக்கிழமை கல்யாணக் கேக் ஒண்ணு இருக்குடா. மூணு அடுக்கு. அதுவும் சரிஞ்சா நான் இந்த வேலையையே விட்டுடறேன்."

"விடறதாவது! நான் மரத்துல வில் போட்டுத் தர்றேன்க்கா."

"மரத்துலயா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?"

வண்டி என்றால் பெரிய சமாச்சாரமாயிற்றே என்று, கடையில் வழவழவென்று அறுத்து வைத்திருந்த பலகையை வாங்கி வில்லாக மாட்டினார். பெட்டிக்குள் தண்ணீர் வாளியை வைத்து ஓட்டிப் பார்த்தார். தெருமுனைகூடத் தாண்டவில்லை, படாரென்று முறிந்தது. அக்கா குனிந்து, கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

முறிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். மரத்தின் நார் ஓடும் ரேகையை ரம்பம் பாதியிலேயே அறுத்திருந்தது. கோடாலிப் பிடிக்கு இப்படிப்பட்ட மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். கட்டையைப் பிளந்து, ரேகை முனைக்கு முனை ஓடுகிறதா என்று பார்த்துத்தான் உளி வைப்பார். வண்டி என்றதும் அந்தப் புத்தி எங்கே போனது? பிடிக்கென்று வைத்திருந்த நல்ல கட்டையையே பிளந்தார். புது வில்லின் நடுவில் ஏறி நின்று அழுத்தினார். வளைந்தது, நிமிர்ந்தது! சின்னப்பிள்ளை போல அதன்மேல் குதித்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை அவர் மிதிக்க, அக்கா பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கல்தெருவில் சக்கரங்கள் ஏறி இறங்கின, வில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது, பெட்டி மட்டும் அலுங்காமல் போனது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பார்த்தியா! பார்த்தியாக்கா!"

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாருடா!"

மண்டப வாசலில் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். முதலில் பார்த்தது அவர்தான். மூன்று அடுக்கும் வைத்தது வைத்தபடி இருந்தன.

கேக்கை உள்ளே கொடுத்துவிட்டு வந்தவள், காலிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"கல்தெரு வழியாவே போ. வேகமாப் போ."

"எதுக்குக்கா?"

"நாலு அடுக்கு தாங்குமான்னு பார்க்க வேண்டாமா?"