ஆடி ஞாயிறும் குமுளி மழையும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கப் போகிறது என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிவாகிவிடும். முடிவு செய்கிறவர் என் வீட்டுக்காரர். அவருக்குத் துணை, மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கும் என் கொழுந்தன். அடுத்தது என் போன். நான் அதில் சேர்த்தியில்லை. போனை எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது.

அவரிடம் இருப்பது பட்டன் போன். தொட்டுத் தள்ளுகிற போன் என்னிடம்தான். அதையும் கொழுந்தன் இரண்டு வருடம் வைத்திருந்து, புதிது வாங்கியபோது எனக்குத் தந்தார். வெள்ளிக்கிழமை தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவியதும் என் வீட்டுக்காரர் கையை நீட்டுவார். வானிலை காட்டுகிற இடத்தைத் தொட்டுக் கொடுப்பேன். சனிக்கு ஒரு மேகம், ஞாயிற்றுக்கு ஒரு மேகம், மேகத்துக்குக் கீழே கோடு கோடாக மழை. அதைப் பார்த்துவிட்டு, சரிதானா என்று கேட்கத் தம்பியைக் கூப்பிடுவார். தம்பி, இங்கே கொட்டுகிறது என்பார். அதோடு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

முழுக்க அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பன்னீர் திராட்சை பழுத்து நிற்கிற நேரத்தில் ஒரு மழை அடித்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி கையால் தொட மாட்டார். இருபது வருடமாக அந்தப் பயத்தோடு வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவர். இந்தப் போன் வந்ததிலிருந்து வானத்தைப் பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டார். வாசலில் வெயில் காய்ந்து கிடக்கும். திண்டுக்கல் பூட்டுப் போட்டது மாதிரி வீட்டுக்குள் உட்கார்ந்து, மழை வரும் என்பார்.

போன வருடம் ஆடியில்தான் எனக்குப் பொறுமை கெட்டது.

என் அக்கா வருசநாட்டுக்கு அப்பால் மலையடியில் இருந்தாள். அத்தான் போனபிறகு தனியாக இருந்தவளை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. திருப்பூருக்குப் போய்விட்டால் நல்லது கெட்டதுக்குத்தான் பார்க்க முடியும். அதனால் போவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அவளோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் ஆசை.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியிலிருந்து அவள் வீட்டுக்குப் போனால் அன்றே திரும்ப முடியாது. மாட்டை விட்டுவிட்டு ஒரு ராத்திரி தங்க எனக்கு வழியில்லை. ஆகையால் நாங்கள் எப்போதும் வைகை அணையில்தான் சந்திப்போம். இரண்டு பேருக்கும் அதுதான் நடு இடம். நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவேன், அவள் மொச்சை அவித்துக்கொண்டு வருவாள். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டு, அவரவர் பஸ்ஸில் ஏறுவோம். ஆடியில் நான்கு ஞாயிறு இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கு, குமுளி இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை. மலையாள டிவியில் பார்த்துவிட்டுக் கொழுந்தன் சொன்னார். குமுளி பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் ஓடுவதைப் படம் எடுத்தும் அனுப்பினார். என் வீட்டுக்காரர் அதை எனக்கே போட்டுக் காட்டினார். நான் மெதுவாக, அது அந்த ஊர் மழைதானே என்றேன்.

"போன்லயும் மழைனு போட்டிருக்கு. தம்பியும் மழைங்கிறான். ரெண்டும் சேந்தா பொய் சொல்லும்?" என்றார்.

அதற்கு மேல் பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வரும், எதிரில் இருப்பவர் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் திரும்பிப் போய்விடும். அந்த ஞாயிறு நான் மாடியில் மிளகாய் வற்றல் காயப்போட்டேன். மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. இரண்டு வற்றலை எடுத்துப் போய் அவர் எதிரில் ஒடித்துக் காட்டலாமா என்று நினைத்தேன். காட்டவில்லை.

இரண்டாம் வாரம் போனில் மேகம் இல்லை, சூரியன் இருந்தது. கொழுந்தனும் வெளுத்துவிட்டது என்றார். எனக்குச் சந்தோஷம். புளியைக் கூட ஊறப்போட்டுவிட்டேன். வெளுத்திருக்கிறது என்றால் தோட்டத்துக்கு மருந்து அடிக்க இதை விட்டால் நாள் கிடையாது என்றார் என் வீட்டுக்காரர். மழை என்றால் மழையால் போகக் கூடாது, வெயில் என்றால் வெயிலால் போகக் கூடாது. அன்று சாயங்காலம் மேகமலைப் பக்கம் இடி இடித்து, அரை மணி நேரம் மழை பெய்து, அடித்த மருந்தை எல்லாம் கழுவிவிட்டுப் போனது. போனில் அப்போதும் சூரியன்தான். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு கிளம்பியே விட்டோம். கம்பம் பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று. தூக்குவாளி என் மடியில். அப்போது கொழுந்தன் கூப்பிட்டார். மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டியெல்லாம் நிற்கிறதாம், மழை கீழே இறங்கப் போகிறதாம். நாங்கள் போவது வடக்கே, மரம் விழுந்தது மேற்கே மலையில். என் வீட்டுக்காரர் எழுந்து, இறங்கு என்றார். பஸ்ஸில் இத்தனை பேர் பார்க்கும்போது நான் எப்படி வாதாடுவது? இறங்கினேன். அந்தப் புளிச்சோற்றை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

நாங்கள் இறங்கிய நேரத்தில் அக்கா அணைக்கே போய்ச் சேர்ந்திருந்தாள். தனியாக உட்கார்ந்து மொச்சையைக் குரங்குக்குப் போட்டுவிட்டுத் திரும்பினாளாம். போனில் அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரித்தா, அடுத்த வாரம் பாப்போம். அத விட்டா ஆவணி" என்றாள்.

நான்காவது வெள்ளிக்கிழமை அவர் கையை நீட்டினார். மேகமும் கோடும் வழக்கம்போல் இருந்தன. அவர் தம்பியைக் கூப்பிடுவதற்குள், நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, முதல் முறை எனக்கே கேட்கவில்லை. அவர் பரண் மேலிருந்து பெரிய கறுப்புக் குடையை எடுத்துக் கொடுத்து, நனைந்து காய்ச்சலோடு வந்து படுக்காதே, இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடு, மாட்டுக்கு நீதான் பால் கறக்க வேண்டும் என்றார்.

தேனி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உத்தமபாளையம் தாண்டியதும் வெயில் கண்ணைக் குத்தியது. பயத்தில் நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அதில் அடைமழை. பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா, வெளிய வெயிலு இந்தக் காயி காயுது, நீங்க மழையப் பாத்துக்கிட்டு வாரீக?"

போனை வாங்கிப் பார்த்தாள். "இது குமுளிக்குல்ல காட்டுது. ஊர மாத்தவே இல்லையா?" என்றாள்.

மேலே சின்ன எழுத்தில் இங்கிலீஷில் குமுளி என்றுதான் போட்டிருந்தது. கொழுந்தன் வைத்திருந்த போன், அவர் ஊரையே காட்டிக்கொண்டிருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். ஒரு நாளும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. ஆடி முழுக்கக் குமுளி மழையைப் போனில் பார்த்து, சரிதானா என்று குமுளியில் இருப்பவரிடமே கேட்டிருக்கிறோம். ஒத்துப் போகாமல் என்ன செய்யும்? எனக்கு என் மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது. அந்தப் பெண் இரண்டு தட்டுத் தட்டித் தேனிக்கு மாற்றிக் கொடுத்தாள். முழுச் சூரியன்.

அணையில் இறங்கியபோது ஒரு துளி மழை இல்லை. ஆடிக் காற்று மட்டும் மண்ணை வாரி முகத்தில் அடித்தது. பூங்காவுக்குள் போய் எங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அக்காவைக் காணோம். வாட்ச்மேனிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் இருபது நிமிடம் வீணாகப் போனது. பிறகு அக்காவே கூப்பிட்டாள். அவள் ஆண்டிபட்டி வழியாக வந்து இறங்கிய எதிர்க்கரைப் பூங்காவிலேயே நின்றாள். இரண்டு கரைக்கும் நடுவே, வழக்கமாக அவள் தாண்டி வரும் தரைப்பாலம் தண்ணீரில் முங்கி, கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். மேற்கே பெய்த மழையில் பெரியாற்றுத் தண்ணீர் வந்து அணை நிரம்பி, ஆற்றில் திறந்துவிட்டிருக்கிறார்களாம். என் கொழுந்தனின் மழை எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது.

அந்தப் பக்கம் பச்சைச் சேலையில் சின்னதாகத் தெரிந்தாள். கையை ஆட்டினாள்.

"நீ அங்கனயே இரு. நான் பெரிய பாலம் சுத்தி வாரேன்" என்றாள் போனில்.

உனக்கு முட்டுவலி, நீ இரு, நான் வருகிறேன் என்றேன். அவள் எப்போது நான் சொல்லிக் கேட்டாள்? இரண்டு பேரும் நடந்தோம். பெரிய பாலத்தின் நடுவில், லாரி போகிற ரோட்டோரத்தில் சந்தித்தோம். வெயிலுக்கு விரித்த குடையைக் காற்று அப்படியே பின்பக்கமாக மடக்கிவிட்டது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பாலம் முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் கல்லில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தோம். போன் கதையைச் சொன்னேன்.

"ஒங்க வீட்டுக்காரக குமுளியிலயே ஒரு வீட்டப் பாத்துற வேண்டியதுதான" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "திருப்பூர்ல எப்படி இருக்குன்னு பாரு" என்றாள்.

எனக்கு ஊர் மாற்றத் தெரியாது என்றேன். போனைக் கையில் வாங்கி வெறுமனே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

திருப்பூர் வீட்டில் இரண்டே அறையாம். மாடியிலும் வேறு ஆள் குடியிருக்கிறார்களாம். துணி காயப்போடக்கூட இடம் கிடையாது என்று மருமகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம். அக்கா இதைச் சொல்லத் தொடங்கியபோது மணி இரண்டேகால். எழுந்து நடந்தால்தான் பஸ். போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

கிளம்பிவிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டார்.

எங்களுக்கு முன்னால் ரோட்டில் கானல் ஓடியது. அக்கா மொச்சையை உரித்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. நல்ல மழை. நகர முடியல. விட்டதும் அடுத்த பஸ்ஸுல வாரேன்" என்றேன்.

காற்றுச் சத்தம் மழைச் சத்தமாகவே கேட்டிருக்கும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். குரலில் அப்படி ஒரு நிறைவு. ஓரமாக ஒதுங்கி நில், மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. அக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் புளிச்சோறு வைத்தாள். அடுத்த பஸ் வரும்வரை இரண்டு மணி நேரம் இருந்தோம்.

ஆவணி மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

போன் குமுளியைக் காட்டிக்கொண்டிருந்த விஷயத்தை நான் வீட்டில் சொல்லாமல் இல்லை. சொன்னேன். அவர் ஏற்கவில்லை. தம்பி மழை என்கிறான், இதில் சூரியன் காட்டுகிறது, போன் கெட்டுவிட்டது என்கிறார். அணையில் நான் நனைந்த கதையையும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். ஊர் மாற்ற இப்போது நானே கற்றுக்கொண்டேன். காலையில் திருப்பூரைப் பார்ப்பேன், அங்கே மேகமா வெயிலா என்று. சில வெள்ளிக்கிழமை திரும்ப மாற்ற மறந்துபோகிறது. அவர் திருப்பூர் வெயிலைப் பார்த்துவிட்டு, சரிதானா என்று கேட்கக் குமுளிக்குப் போன் போடுகிறார்.