மாதா படத்தின் கீழே ஒரு விளக்கு

எங்கள் வீட்டுப் பழைய ஜப்பான் காருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிக்னலில் நிறுத்தினால் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோகும். அம்மாவுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து, அடுத்த திங்கட்கிழமை விடியப் போகவேண்டும் என்றிருந்த வாரத்தில்தான் அந்த இருமல் முற்றியது. நாங்கள் இருந்த தகனினியிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அப்பா கூட்டாளியின் வான் வண்டியில் வேலைக்குப் போய்வந்ததால், அம்மாவுக்கு அந்தக் கார்தான் கதி.

"உந்தக் காரை நம்பி மோட்டர்வேயில ஏறேலாது. வேலையைப் பிறகு பாப்பம்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் பிறகு என்றால் ஒருபோதும் இல்லை என்று பொருள். அம்மா தன் தம்பிக்குப் போன் எடுத்தார்.

சனிக்கிழமை மாமா வந்தார். பழைய கார்களில் டெஸ்ட் கனெக்டர் என்று ஒன்று இருக்குமாம். அதில் இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்தால் கார் தன் வருத்தத்தைத் தானே சொல்லுமாம். அவருடைய காரில் அது ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்ததால் எங்கள் காரிலும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தார். ஒரு மணி நேரமாக அவருடைய கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே தெரிந்தன. பொழுதுபோகாமல் நான் திறந்து கிடந்த பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மூடியில் டையக்னோசிஸ் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"இட்ஸ் ஹியர், மாமா" என்றேன். மாமா தலையை இடித்துக்கொண்டு எழும்பினார்.

எந்தத் துளைக்கு என்ன பெயர் என்ற படம் மூடியின் உட்பக்கத்திலேயே இருந்தது. மாமா அம்மாவின் சேலைப் பின்னை நிமிர்த்தி இரண்டு துளைகளில் மாட்டினார். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மீற்றரில், எஞ்சினில் பழுதென்றால் எரியும் மஞ்சள் விளக்கு எத்தனை தரம் மின்னுகிறது என்று என்னை எண்ணச் சொன்னார். விளக்கையே காணவில்லை. அது இருக்கவேண்டிய மூலையில் மாதா படம் ஒட்டியிருந்தது.

"ஆர் உதில ஒட்டினது?" என்றார் அப்பா.

அம்மா கொடியில் காய்ந்த துணிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். "மாதா இருந்தபடியாத்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கு, அத்தான்" என்று சொல்லி மாமா படத்தை மெல்ல உரித்தார்.

அடியில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு தரம், ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு தரம். நான் தெருவுக்கே கேட்க எண்ணினேன். அந்த எண்ணிக்கைக்கு, எஞ்சின் தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சர்தான் பழுது என்றார் மாமா. பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் ஒன்று வாங்கிவந்து அன்று பின்னேரமே பூட்டினார். இருமல் நின்றது. அப்பாவுக்குச் சொல்ல வேறு காரணம் கிடைக்கவில்லை. திங்கள் விடிய, அம்மா கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே காரில் போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாதா படம் பிறகு டாஷ்போர்ட்டின் நடுவே இடம்பிடித்தது. அவ்வளவு இடம் இருக்க, அம்மா ஏன் முதலில் அந்த மூலையைத் தேடி ஒட்டினார் என்று நான் யோசிக்கவேயில்லை. அந்த மஞ்சள் விளக்கை அப்பா கண்டிருந்தால் அம்மாவை வேலைக்கு விண்ணப்பிக்கவே விட்டிருக்கமாட்டார் என்பது, நானே வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு எனக்கு, அந்தக் காரில் ஒளிந்திருந்ததையெல்லாம் நானே கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பு.